வடிவு கடைச் சன்னலில் பூத்தது

காற்றுக் கண்காணிப்பாளர் தாணுலிங்கம் எந்த மானியையும் தட்டிப் பார்க்காமல் நம்பியதில்லை. காலையில் கண் விழித்ததும் படுக்கைக்கு மேலே தொங்கும் அழுத்தமானியின் கண்ணாடியை விரல் மடக்கால் இரண்டு முறை தட்டுவார். முள் நடுங்கி, பழைய இடத்திலேயே வந்து நின்றால்தான் பல் துலக்கப் போவார். பிறகு ஊரின் ஒவ்வொரு தெருச் சுவரிலும் பதித்திருக்கும் மானிகளைத் தட்டிக்கொண்டே நடந்து, கடைசியாக நெய்தல் தெருவுக்கு வந்து, சுடலைவடிவின் இட்லிக் கடையில் உட்காருவார். அங்கும் அவருக்கென்று ஒரே நாற்காலி. சன்னலுக்கு முதுகு, எதிர்ச்சுவரில் இருந்த தெரு மானிக்கு முகம். சாப்பிடும்போதும் முள்ளின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் அவருக்கு முதுகுப்பக்கமும் ஒன்று உண்டு என்பதை அது மெல்ல மெல்ல மறக்கடித்திருந்தது.

அவர் வாழ்ந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தொலைதூரத்துக் கோள் ஒன்றைச் சுற்றிவரும் நிலவு அது. எப்போதும் பொழுது சாய்ந்த நிறத்திலேயே வானம் இருப்பதால், முதலில் குடியேறியவர்கள் அதற்கு அந்தி என்று பெயரிட்டார்கள். அந்தியை ஆள்வது ஒரு குடும்பம். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஆல்கேன் குடும்பம். ஒற்றைக் கார்பன் கொண்ட மீத்தேன் அந்த வீட்டின் கடைக்குட்டி. ஓரிடத்தில் நில்லாமல் வானமெங்கும் காற்றாகத் திரியும். இரண்டும் மூன்றுமாகக் கார்பன்கள் கைகோத்த ஈத்தேனும் புரொப்பேனும் அந்தக் கடுங்குளிரில் ஏரிகளாகத் தேங்கிக் கிடக்கும். இருபது முப்பது பேர் வரிசையாகக் கைகோத்துவிட்ட மூத்தவர்களோ, நகர முடியாமல் கரையோரத்தில் மெழுகாக உட்கார்ந்துவிட்டார்கள். இந்தக் குடும்பத்தின் சொத்தை அள்ளி, வழிப்போக்குக் கப்பல்களுக்கு எரிபொருளாக நிரப்பித் தருவதுதான் ஊராருடைய தொழில். தெருக்கள் எல்லாம் அடைத்த கூடாரங்கள். அவற்றின் சுவர் இணைப்புகளைக் கரையில் சும்மா கிடைக்கும் மெழுகைக் கொண்டே பூசியிருந்தார்கள். அந்தக் குளிரில் மெழுகு கல்லைப் போல நின்றது.

ஒரு நாள் காலையில், குழாய் பொருத்தும் மாடக்கண்ணு சுடலைவடிவின் கடையில் கன்னங்களை உப்பவைத்துக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் அசையாமல் நின்றான். முந்தின நாள் அவன் ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்திருந்தான். அந்தியில் மன்னிப்புக் கேட்க வார்த்தை போதாது. தவறு செய்தவர் எதிரே வந்து நின்று தம் மூச்சை அடக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் ‘விடு’ என்று சொன்ன பிறகே விட வேண்டும். மூச்சைவிட மதிப்புள்ள பொருள் அங்கே வேறு இல்லாததால், முன்னோர் ஏற்படுத்திய வழக்கம் இது.

சுடலைவடிவு அவனைக் கண்டுகொள்ளாமல் இட்லித் தட்டை இறக்கினாள், துணியை உரித்தாள், சட்டினியைக் கிண்டினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“சரி, விடு. முழி பிதுங்கி வெளிய வந்துரப் போவுது. பொறவு அதுக்கு வேற யாரு பதில் சொல்ல?”

மாடக்கண்ணு புஸ்ஸென்று மூச்சை விட்டுத் தாணுலிங்கத்தின் பக்கத்தில் சாய்ந்தான். “அண்ணாச்சி, நேத்து வந்த பூமிக் கப்பக்காரன் ஒருத்தன் கேக்கான், இவ்வளவு எரிபொருளுக்கு நடுவுல குடியிருக்கியளே, பயமா இல்லியான்னு.”

“நீ என்னடே சொன்ன?”

“எரிபொருளா, அது எங்கன இருக்குன்னு நானே திருப்பிக் கேட்டேன்.”

“சரியாத்தான் கேட்டிருக்க.” தாணுலிங்கம் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “பூமியில ஆக்ஸிஜன் சும்மா கெடக்கு. அதுல எரிக்கதுக்கு எண்ணெயும் வாயுவும் தேடி அலையுதாங்க. இங்க அது தலைகீழ். எரியுத சரக்கு வானம் பூராவும் கெடக்கு. நாம ஐஸை உடைச்சு, உருக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பிரிச்செடுக்குத மூச்சுக்குத்தான் பஞ்சம். ரெண்டும் கூடினாத்தான் தீ. பூமியில வாயு ஒழுகினா தீப்பிடிக்கும். இங்க மூச்சு ஒழுகினா தீப்பிடிக்கும்.”

“அப்போ நாமதான் எரிபொருளுன்னு சொல்லுதிய.”

“நீயா எரிபொருளு?” என்றாள் வடிவு. “ஆறு இட்லியைப் போட்டாலும் ஒரு மரையைத் திருக மாட்டேங்க. தள்ளி உக்காரு, தண்ணி சிந்துது.”

அவர்கள் சிரித்தார்கள். தீயைப் பற்றிச் சிரிப்பது அவர்களுக்கு எளிது. அந்த ஊரில் பிறந்தவர் எவரும் தீயைக் கண்ணால் கண்டதில்லை. அடுப்பும் விளக்கும் மின்சாரத்தில் இயங்கின. தீ என்பது பழைய படங்களில் மஞ்சளாக, நாக்கை நாக்கை நீட்டி, மேல்நோக்கித் தாவும் ஒரு விலங்கு, அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் நெய்தல் தெருவின் முள் தாழ்ந்தது.

மிகக் கொஞ்சந்தான். தாணுலிங்கம் தட்டினார், ஏறவில்லை. மறுநாள் இன்னும் சற்று இறங்கியிருந்தது. புதுக் காற்றை நிரப்பினார்கள், அதுவும் கரைந்தது. தெருவின் மூச்சு இப்படியே குறைந்தால், ஐஸிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் ஆலையால் ஈடுகொடுக்க முடியாது, தெருவை நிரந்தரமாக மூடிக் குடும்பங்களைப் பிரித்து மற்றத் தெருக்களில் திணிக்க வேண்டியதுதான் என்று ஊர் மன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தெருவில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. மற்றத் தெருக்களில் ஒரு தொட்டில் கட்டுவதற்கும் இடமில்லை.

தாணுலிங்கம் சோப்பு நுரையைத் தூரிகையில் தோய்த்து, தெருவின் இணைப்புகளையெல்லாம் தடவிப் பார்த்தார். எங்கும் ஒரு குமிழிகூட எழவில்லை. வடிவின் கடையில் மட்டும் பின்சுவரை முழுதாகத் தடவ முடியவில்லை. மாவு அண்டாக்கள் சுவரோடு சுவராக அடுக்கியிருந்தன. மேலே இருந்த சன்னலில் ஒரு பழைய சீலை தொங்கியது.

“இது என்ன, புதுசா?” என்று கேட்டார்.

“குளிருக்கு அண்ணாச்சி,” என்றாள் வடிவு. சொல்லும்போது அவள் கை அகப்பையை வீணாகத் துடைத்துக்கொண்டிருந்தது. தாணுலிங்கம் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தது மாவை. மூடியைத் தள்ளிக்கொண்டு, அண்டாவின் கழுத்தைத் தாண்டிப் பொங்கி நின்றது.

“எப்பவும் இப்படியா பொங்கும்?”

“கொஞ்ச நாளாத்தான். முந்தி ரெண்டு நாள் ஆவும். இப்போ ராத்திரி கரைச்சா காலையில வழிஞ்சு நிக்குது.” அவள் பெருமையாகச் சொன்னாள். “அதான் அண்டாவைக் கூட்டியிருக்கேன். பக்கத்துத் தெருக்காரகளும் இப்போ இங்கதான வாராக.”

அவருடைய மனத்தில் ஒரு கணக்கு பொருந்தியது. மாவில் இருப்பவை நுண்ணுயிர்கள். நுண்ணுயிர்களும் மூச்சு வாங்கும். மாவு மிஞ்சிப் பொங்கத் தொடங்கிய நாளும் முள் தாழத் தொடங்கிய நாளும் ஒன்று. அண்டா கூடக்கூடக் காற்று குறைந்திருக்கிறது. இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் வந்தால், ஒன்றை மற்றொன்றின் காரணம் என்று எண்ணிக்கொள்வது கற்றவர்களுக்கும் உள்ள சோம்பல்.

ஊர் மன்றத்தில், எல்லாருக்கும் முன்னால், அவர் அதைச் சொன்னார். சொல்லும்போது வாய் தவறி இன்னொரு சொல்லும் வந்துவிட்டது: மூச்சுத் திருட்டு. அந்தியில் அதைவிடக் கீழான சொல் கிடையாது. சுடலைவடிவு எழுந்தாள்.

“என்னைப் பாத்தா சொல்லுதிய? தெனம் என் கையால தின்னுட்டு?”

“உன்னைச் சொல்லல. மாவைச் சொல்லுதேன்.”

“மாவு கரைச்சது யாரு? நானில்லா?”

அன்றே கடை அடைபட்டது. அண்டாக்களின் மூடிகள்மேல் அலுவலக முத்திரை ஒட்டப்பட்டது. மறுநாளிலிருந்து வடிவு தெருவில் நடக்கும்போது, அவள் கடந்து போகும்வரை சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது விளையாட்டல்ல, வசை.

கடை அடைபட்டு நாட்கள் சென்றன. முள் தாழ்வதை நிறுத்தவில்லை.

தாணுலிங்கம் தட்டினார், தட்டினார். காலையில் எங்கும் சாப்பிடாமல், வடிகட்டி அறைக்குப் போய்க் குந்திக்கொண்டு யோசித்தார். அங்கேதான் அவருக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டிய ஒன்று தோன்றியது. மாவு மூச்சு வாங்கியிருந்தால் வெளிமூச்சும் விட்டிருக்கும். கெட்ட காற்று தெருவில் கூடியிருக்கும், வடிகட்டிகள் திணறியிருக்கும். அவை ஒரு நாளும் திணறவில்லை. தெருவின் மூச்சு உள்ளே செலவாகவில்லை; சுவருக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் அவர் ஒரு குற்றமும் இல்லாத பெண்ணை ஊரறியத் திருடியாக்கிவிட்டார்.

அவர் எழுந்து நேரே கடைக்கு நடந்தார்.

அடைபட்ட கடைக்குள் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளும் தெருப் பெண்கள் சிலரும் சன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தனர். சுவரோரம் நின்ற மாடக்கண்ணு அவரைக் கண்டதும் சீலையை அவசரமாக இழுத்துவிட்டு இருமினான். வடிவு எழுந்து சன்னலை மறைத்து நின்றாள்.

“கடைதான் அடைச்சாச்சே. இன்னும் எதை அடைக்க வந்திய?”

“உக்கார வந்தேன் வடிவு.”

அவருடைய நாற்காலியில் பிச்சம்மாள் இருந்தாள். எழுந்திருக்கும் எண்ணம் அவளிடம் இல்லை. அவர் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கடையில் சன்னலைப் பார்த்து அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைத்த விரலைப் பார்த்தார்.

“அந்தச் சீலை குளிருக்குத்தான போட்ட?”

“ஆமா.”

“எனக்கு வேர்க்குது வடிவு.”

அந்தியில் எவருக்கும் வேர்ப்பதில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிச்சம்மாள்தான் பெருமூச்செறிந்து சொன்னாள். “இனி மறைச்சு என்ன செய்ய? காட்டிரு வடிவு. ஆனா அண்ணாச்சி, ஒரு சத்தியம் செய்யணும். அறுத்துச் சீசாவுல போட்டு ஆராய்ச்சிக்கு அனுப்பக் கூடாது. ஏரிக்கரையில முளைச்ச பளிங்கை எல்லாம் உங்க ஆபீஸ்காரகதான சொரண்டிட்டுப் போனாக.”

வடிவு சீலையை விலக்கினாள்.

ஊரின் சன்னல்கள் எல்லாம் உறைபனி படிந்து குருடாகக் கிடப்பவை. இந்தச் சன்னல் மட்டும் துடைத்துவைத்தாற்போலத் தெளிந்திருந்தது. அதற்கு வெளியே, கீழ் விளிம்பையொட்டி, ஒரு பூ பூத்திருந்தது. நீலப்பூ. அந்த நிலவின் குறைந்த ஈர்ப்பில் மொட்டுப் போல உருண்டு, ஓரங்களில் மகரந்தம் போன்ற மெல்லிய மஞ்சள் சிந்த, காம்பில்லாமல் அந்தரத்தில் மெல்ல அசைந்தது. அடியில் கரிய தூள் குவிந்திருந்தது. அதை அவர்கள் வேர் என்று கொண்டிருந்தார்கள். வேறு உயிரே இல்லாத அந்த நிலவில், தங்கள் தெருவுக்கு வெளியே மட்டும் முளைத்த உயிர்! அதைக் காப்பாற்றுவதாக அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

தாணுலிங்கமும் தம்மை மறந்து பார்த்தார். கண்காணிப்பாளராக இருந்தாலும் அவரும் அந்தியில் பிறந்தவர்தானே?

“எப்போ பூத்தது?”

“மாவு நல்லாப் பொங்குச்சுல்லா, அப்பத்துல இருந்து,” என்றாள் வடிவு. “ராசியான பூ அண்ணாச்சி. முதல்ல ஒரு கடுகுதான். இப்போ பாருங்க, கைக்குள்ள அடங்காது.”

அவர் எழுந்து போய்ச் சன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடி சுட்டது. மாவு எதனால் பொங்கியது, தெருவின் முள் எதனால் தாழ்ந்தது, இரண்டுக்கும் ஒரே விடையை அந்தச் சூடு அவருடைய உள்ளங்கையில் சொன்னது.

“இது பூ இல்ல தாயி,” என்றார் மெதுவாக. “தீ.”

மாடக்கண்ணு சிரிக்கப் பார்த்தான். “தீயா? தீ மஞ்சளால்லா இருக்கும்? மேல பாத்துல்லா தாவும்?”

“அது பூமித் தீ. அங்க வாயு கொஞ்சமா வெளிய வரும், சுத்திலும் மூச்சுக்காத்து இருக்கும். இங்க மூச்சு கொஞ்சமா வெளிய போவுது, சுத்திலும் வாயு இருக்கு. இட்லிச் சட்டி ஆவியில மெழுகு இளகி இணைப்பு விட்டிருக்கு. சன்னல் விளிம்புல ஓடுத சூட்டுக் கம்பி எப்பவோ பொறி விட்டிருக்கு. நாம பேசுனமே மாடக்கண்ணு, மூச்சு ஒழுகினா தீன்னு. நம்ம முதுகுக்குப் பின்னாலதான் எரிஞ்சுக்கிட்டிருந்திருக்கு.”

“அப்போ இத்தன நாளா இது எதைத் தின்னுச்சு?” என்று கேட்டாள் பிச்சம்மாள். கேட்கும்போதே விடை தெரிந்து அவள் குரல் இறங்கிவிட்டது.

“நீங்களும் நானும் விடுத மூச்சை.”

அப்போதுதான் எல்லாருடைய காதிலும் அது விழுந்தது. அண்டாக்களுக்குப் பின்னாலிருந்து மெல்லிய சீழ்க்கை. தாணுலிங்கம் அண்டாக்களை இழுத்துத் தள்ளினார். சன்னலுக்குக் கீழே, இரண்டு தகடுகள் சேரும் இடத்தில், மெழுகு பளபளவென்று வியர்த்திருந்தது. நடுவில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு துண்டு மெழுகு இளகிப் பிளவுக்குள் வழிந்து மறைந்தது. வெளியே பூ சட்டென்று பெருத்து, மஞ்சளாக ஒருமுறை சீறி, மீண்டும் நீலமாயிற்று.

“பாத்தியளா, மெழுகும் அதுக்குத் தீனிதான். அதுவும் ஆல்கேன் குடும்பந்தான.” அவருடைய குரல் மாறிவிட்டது. “மாடக்கண்ணு, தெருச் சனம் மொத்தத்தையும் வெளிய கூட்டிட்டுப் போ. தெருக் கதவை அடைச்சுரு. இந்த இணைப்பு முழுசா விட்டுதுன்னா தெருக்காத்து மொத்தமும் ஒரே மூச்சுல வெளிய பாயும். பூ இருக்காது, தெருவே எரியும்.”

“நீங்க?”

“போடே!”

பெண்கள் ஓடினார்கள். வாசல்களில் பெயர் சொல்லி அழைக்கும் குரல்களும், குழந்தைகளின் அழுகையும், காலடிகளும் ஒன்றாகக் கலந்து தூரத்தில் தேய்ந்தன. தெருக் கதவு கனமாக மூடிக்கொண்டது. தாணுலிங்கம் திரும்பிப் பார்த்தபோது சுடலைவடிவு அங்கேயே நின்றிருந்தாள்.

“உன்னையும்தான் போகச் சொன்னேன்.”

“என் கடை. நான் எங்க போக? என்ன வேணும், அதைச் சொல்லுங்க.”

அவர் பிளவையே பார்த்துக்கொண்டு தமக்குத்தாமே பேசினார். “காத்தை உறிஞ்சி எடுக்க நேரம் இல்ல. அடைக்குத பிசின் கப்பல் துறையில இருக்கு. கொண்டு வரதுக்குள்ள இது விட்டுரும். துணி எரியும். தண்ணி ஊத்தினா நிக்காம ஓடிரும். எரியாம இருக்கணும், கூழா உள்ள போகணும், போன இடத்துல இறுகி நிக்கணும். அப்படி என்ன இருக்கு இங்க...”

பின்னால் காகிதம் கிழியும் ஓசை கேட்டது. வடிவு அண்டாவின் மேல் அவர் ஒட்டியிருந்த முத்திரையைக் கிழித்து மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

“முத்திரையைக் கிழிச்சதுக்கு என்ன தண்டனையோ, பொறவு சொல்லுங்க,” என்றாள். “புளிச்சு நாறுது. ஆனா கெட்டியா இருக்கு.”

அவர் இன்னொரு அண்டாவை இழுத்து அதன் முத்திரையைத் தாமே கிழித்தார்.

வடிவு அகப்பையில் மாவை அள்ளிப் பிளவின் மேல் அப்பினாள். தெருக் காற்றின் அழுத்தம் அதைச் சளப்பென்று உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே பூ தும்மியதுபோல் துடித்தது. அவள் மறுபடி அப்பினாள், அதுவும் போயிற்று. தாணுலிங்கம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் மாவை வாரினார்.

“அப்படி எறியாதிய. ரவா தோசை ஊத்துவோமில்லா, அந்த மாதிரி ஓரத்துல இருந்து நடுவுக்குக் கொண்டு வாங்க.”

“நான் என்னைக்கு வடிவு தோசை ஊத்தினேன்?”

“இன்னைக்கு ஊத்துங்க.”

தகட்டின் சூட்டில் பிளவின் உதடுகளில் மாவு வெந்தது. வெந்து, உப்பி, ஒன்றையொன்று நெருக்கியது. உள்ளே வேகும் இட்லியின் மணம் கடையெங்கும் பரவியது. வெளியே பூ இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அவிந்தது. மறு பாதி மொட்டாகி, கடுகாகி, ஒரு நீலப் புள்ளியாக நின்றது. இருவரும் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டு நின்றார்கள். சீழ்க்கை ஓய்ந்தது. புள்ளி மறைந்தது. தீ போனதும் வெளிக்குளிர் திரும்பி வந்தது. அதில் அந்த மாவு உறைந்து, கரையோரத்து மெழுகைவிடக் கெட்டியான கல்லாயிற்று.

தாணுலிங்கம் மாவு அப்பிய விரலோடு எதிர்ச்சுவருக்குப் போய் மானியைத் தட்டினார். முள் நடுங்கியது, நின்றது. அவர் காத்திருந்தார். மறுபடி தட்டினார். நின்ற இடத்திலேயே நின்றது. அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். வடிவும் மாவுக் கையோடு அடுப்புத் திட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆளில்லாத அந்தத் தெருவில் அவர்கள் இருவரும் மூச்சு வாங்கும் ஓசை மட்டும் நெடுநேரம் கேட்டது. அவ்வளவு காற்றை அவர்கள் ஒருநாளும் கூச்சமில்லாமல் செலவழித்ததில்லை.

பிசின் வந்து, பூச்சு முடிந்து, தெருச் சனம் வீடு திரும்பியது. பிச்சம்மாள் கடைக்குள் வந்து சன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் பனி படியத் தொடங்கியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கொலைகாரத் தீதான் என்று தெரிந்தும் அவளுக்குத் தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அழகாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி.”

“நானும் பாத்தேனே. இல்லன்னு சொல்ல மாட்டேன்,” என்றார் தாணுலிங்கம். “எங்க வீட்டுல ஒரு கதை சொல்லுவாக. ஒரு குளத்துல ஆமைங்க இருந்துச்சாம். கரையோரத்துல திடீர்னு ஒரு தண்ணிச் சுழி உண்டாச்சாம். சுத்திச் சுத்தி, வெயில் பட்டு மின்னிக்கிட்டு, அவ்வளவு அழகாம். ஆமைங்க எல்லாம் தெனமும் கூடிக் கூடி அதை வேடிக்கை பாக்குமாம். கரையில ஓட்டை விழுந்து, தண்ணி அது வழியா வெளிய போறதாலதான் சுழி வருதுன்னு எதுக்கும் தெரியல. குளம் வத்தி, சேறு தெரிஞ்ச அன்னைக்குச் சுழியைக் காணோமேன்னு தேடிச்சாம்.”

“ஆமைக்குப் புத்தி இல்ல,” என்றாள் பிச்சம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“புத்தி இருந்த ஆமை ஒண்ணு இருந்துச்சு. அது வேற பக்கம் திரும்பி உக்காந்து, தண்ணி குறையுதே குறையுதேன்னு அளந்துக்கிட்டே இருந்துச்சாம். அது நான்தான்.”

மறுநாள் காலையில் கடை திறந்தது. தெரு முழுவதும் அங்கே நின்றது. முந்தின வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனவர்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார்கள். தாணுலிங்கம் தம் சுற்றை முடித்துக்கொண்டு வந்தார். நாற்காலிக்குப் போகவில்லை. அடுப்புக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, சுடலைவடிவின் எதிரே நின்றார்.

“மன்றத்துல சொன்ன சொல்லை மன்றத்துலயே திருப்பி எடுத்தாச்சு. அது அலுவலகக் கணக்கு. இது என் கணக்கு.” அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார்.

வடிவு இட்லித் தட்டை இறக்கிவைத்தாள். கையைத் துடைத்தாள். அவர் முகம் சிவக்கத் தொடங்கியது. அவள் ‘விடுங்க’ என்று சொல்வாள் என்று எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் அடுப்பைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். “பொய் சொல்லிச் சீலையைக் கட்டி மறைச்சது நான்,” என்றாள். “அது மட்டும் தொங்காம இருந்திருந்தா அண்ணாச்சி அன்னைக்கே பாத்திருப்பாக.” சொல்லிவிட்டு, அவர் எதிரே நின்று, அவளும் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டாள்.

இப்படி ஒன்று அந்தியில் அதற்கு முன் நடந்ததில்லை. அவர் விட வேண்டுமானால் அவள் சொல்ல வேண்டும். அவள் விட வேண்டுமானால் அவர் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இருவரிடமும் மூச்சில்லை. அவர் நீ முதலில் சொல் என்று கையைக் காட்டினார். அவள் தலையை ஆட்டி, நீங்கள் சொல்லுங்கள் என்று அகப்பையைக் காட்டினாள். இருவருடைய கன்னங்களும் உப்பின.

“என்னவே இது?” என்றான் மாடக்கண்ணு கவலையோடு. “ரெண்டு பேரும் இப்படியே நின்னா எனக்கு இட்லி யாரு வைப்பா?”

முதலில் வடிவுக்குத்தான் மூக்கு வழியே வெடித்தது. அதே நொடியில் தாணுலிங்கத்துக்கும். சிரிப்பும் மூச்சும் ஒன்றாகச் சிதற, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் அகப்பையைக் கீழே போட்டாள். பிச்சம்மாள் சிரித்தாள், தலையைக் குனிந்து நின்றவர்களும் சிரித்தார்கள். யார் யாரை முதலில் மன்னித்தது என்பதைப் பற்றி நெய்தல் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சிகள் உண்டு.

சிரித்து ஓய்ந்ததும் தாணுலிங்கம் தம் நாற்காலியைத் தூக்கி, சன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். உறைபனி மூடிய வெறும் சன்னல்தான். வடிவு தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் கழுத்து, பழக்க தோஷத்தில், மெல்லப் பின்னால் திரும்பப் பார்த்தது. அவள் அகப்பையை எடுத்துக் கழுவிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனாள். அதன் காம்பால் மானியின் கண்ணாடியை இரண்டு முறை தட்டினாள்.

“நிக்குது அண்ணாச்சி,” என்றாள். “சாப்பிடுங்க.”